நுகர்வோர் மதிப்புரைகளில் மதிப்பீட்டுச் சொற்கள்: நூலும் மின்னணுக் கருவியும்

1. முன்னுரை

இணையவழி அங்காடிகளில் பொருள் வாங்குவோர் அப்பொருளைப் பற்றிய தம் கருத்தைச் சில வரிகளில் எழுதி, ஒன்று முதல் ஐந்து வரையிலான விண்மீன்களில் ஒரு மதிப்பையும் இட்டுச் செல்கின்றனர். 1994-இல் நிறுவப்பெற்று 1995 சூலையில் நூல் விற்பனையைத் தொடங்கிய அமேசான் நிறுவனம் இவ்வழக்கத்தைப் பரவலாக்கிய நிறுவனங்களுள் முதன்மையானது. இந்தியாவில் 2007-இல் தோன்றிய பிளிப்கார்ட் நிறுவனமும் நூல் விற்பனையிலிருந்தே தொடங்கிற்று. மின்னணுக் கருவிகள் பின்னர்ச் சேர்ந்தன. இவ்விரு நிறுவனங்களும் 2020-இல் தம் சேவையைத் தமிழிலும் பயன்படுத்தும் வசதியை அளித்தன. இவற்றின் பயனாக நூலையும் கைபேசியையும் ஒரே இடத்தில், ஒரே அளவுகோலால், ஒரே மக்கள் மதித்துரைக்கும் ஒரு புதிய எழுத்துவகை உருவாகியுள்ளது. இதனை ஈண்டு நுகர்வோர் மதிப்புரை எனக் குறிப்போம்.

இவ்வெழுத்துவகை மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒரு சிக்கலை முன்வைக்கின்றது. பின்வரும் தொடரைக் காண்க:

(1) அதற்குள் முடிந்துவிட்டதே!

ஒரு புதினத்தைப் பற்றிய மதிப்புரையில் இத்தொடர் வருமாயின் அது பாராட்டாகும். ஒரு கைபேசியின் மின்கலத்தைப் பற்றி வருமாயின் அது குறைகூறலாகும். இரண்டிடத்தும் சொற்கள் ஒன்றே. இலக்கண அமைப்பு ஒன்றே. ஏகாரம் உணர்த்தும் இரக்கக் குறிப்பும் ஒன்றே. எனினும் மதிப்பு நேர்மாறாகின்றது. இம்மாற்றம் எங்கிருந்து வருகின்றது என்பதையும், தமிழில் மதிப்பீட்டை உணர்த்தும் இலக்கணக் கூறுகள் யாவை என்பதையும், அவற்றை மொழிபெயர்ப்போர் கருத வேண்டுவன எவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாராட்டைக் குறிக்க நேர்மதிப்பு என்னும் சொல்லும், குறைகூறலைக் குறிக்க எதிர்மதிப்பு என்னும் சொல்லும் ஆளப்படுகின்றன. எடுத்துக்காட்டுத் தொடர்கள் யாவும் இன்றைய வழக்கிற்கு ஒப்ப இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை.

2. ஆய்வு வளர்ந்த வழி

மதிப்புரைகளின் மதிப்பைக் கணிப்பொறியால் அறியும் முயற்சி 2002-ஆம் ஆண்டையொட்டி விரைவு பெற்றது. அவ்வாண்டில் பீட்டர் டர்னி தானுந்து, வங்கி, திரைப்படம், சுற்றுலா இடம் ஆகிய நால்வகை பற்றிய 410 மதிப்புரைகளை ஆராய்ந்தார். அவர் வகுத்த முறை மொத்தத்தில் 74 விழுக்காடு சரியான விடை தந்தது. ஆனால் தானுந்து மதிப்புரைகளில் 84 விழுக்காடும், திரைப்பட மதிப்புரைகளில் 66 விழுக்காடுமே கிடைத்தன. முன்கூட்டி அறிய இயலாத தன்மை கதைக்குச் சிறப்பு, தானுந்தின் திசைமாற்றிக்குக் குற்றம் என்று அவர் காட்டிய எடுத்துக்காட்டு இத்துறையில் பலராலும் எடுத்தாளப்படுவது.

2004-இல் மிங்கிங் ஹூ, பிங் லியு ஆகிய இருவரும் மின்னணுக் கருவிகள் ஐந்தின் மதிப்புரைகளை எடுத்துக்கொண்டு, கருவியின் எந்தக் கூற்றைப் பற்றி எந்தக் கருத்துக் கூறப்படுகின்றது என்பதைப் பிரித்தறிய முற்பட்டனர். 2007-இல் ஜான் பிளிட்சர், மார்க் டிரெட்சே, பெர்னாண்டோ பெரைரா ஆகிய மூவரும் அமேசான் மதிப்புரைகளிலிருந்து நூல், குறுவட்டுப் படம், மின்னணுக் கருவி, சமையலறைக் கருவி என்னும் நான்கு வகைகளுக்கும் தலா 2000 மதிப்புரைகளைத் தொகுத்தனர். அவற்றுள் பாதி நேர்மதிப்புடையவை, பாதி எதிர்மதிப்புடையவை. மூன்று விண்மீன் பெற்றவை ஐயத்திற்கிடமானவை என விலக்கப்பட்டன.

அவர்கள் கண்ட முடிவு மொழியியலார் கருதத்தக்கது. நூல் மதிப்புரைகளைக் கொண்டு பயிற்றிய கணிப்பொறி நூல் மதிப்புரைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாகக் கணித்தது. மின்னணுக் கருவி மதிப்புரைகளால் பயிற்றிய கணிப்பொறியை நூல் மதிப்புரைகளின்மேல் ஏவியபோது அது ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறைந்தது. நூலும் படமும் ஒரு பக்கமாகவும், மின்னணுக் கருவியும் சமையலறைக் கருவியும் மற்றொரு பக்கமாகவும் நின்றன. நூல் மதிப்புரைகளில் பக்க எண்ணிக்கையைக் குறிப்பிடும் தொடர்கள் எதிர்மதிப்பைச் சார்ந்து வந்தன. சமையலறைக் கருவிகளில் ஆண்டுக்கணக்கைக் குறிப்பிடும் தொடர்கள் நேர்மதிப்பைச் சார்ந்து வந்தன. எண்ணுதல் இரண்டிடத்தும் உண்டு. நூலின் பக்கத்தை எண்ணுபவர் சலித்தவர்; கருவியின் ஆண்டை எண்ணுபவர் நிறைவடைந்தவர்.

3. பொருள்வகையும் சொல்லின் மதிப்பும்

மேற்கூறிய முடிவு ஆங்கிலத்தைப் பற்றியது. தமிழிலும் இவ்வாறே பொருள்வகைக்கு ஏற்ப மதிப்பு மாறும் சொற்கள் பல உள்ளன.

(2) அ. கனமான நூல்.
ஆ. கனமான கைபேசி.

(3) அ. இந்தக் கதை என்னை அழவைத்துவிட்டது.
ஆ. இந்தச் சலவைப்பொறி என்னை அழவைத்துவிட்டது.

(4) அ. கத்தி நன்றாக அறுக்கிறது.
ஆ. ஆசிரியர் நன்றாக அறுக்கிறார்.

(2அ)-வில் கனம் என்பது கருத்தின் ஆழத்தைக் குறித்துப் பாராட்டாகின்றது. (2ஆ)-வில் எடையைக் குறித்துக் குறையாகின்றது. (3)-இல் வினையும் செயப்படுபொருளும் ஒன்றாயிருக்க, எழுவாய் மட்டுமே மதிப்பைத் தீர்மானிக்கின்றது. (4)-இல் ஒரே வினை கருவிக்குச் சிறப்பும் எழுத்துக்கு இழுக்கும் ஆகின்றது. கூர்மையின்மையைக் குறித்த 'மொக்கை' என்னும் சொல் இன்று சுவையின்மையைக் குறித்துக் கதைக்கும் பேச்சுக்கும் வழங்குவதால், கத்தியைப் பற்றிய மதிப்புரையில் அது நேர்ப்பொருளிலும் நூலைப் பற்றிய மதிப்புரையில் உருவகப் பொருளிலும் வரும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பொருள்களின் பயன்பாட்டு இயல்பில் உள்ளது. கருவி ஒரு செயலுக்கு வாயில். அது தன் இருப்பை உணர்த்தாமல் பணிசெய்வதே அதன் சிறப்பு. சூடேறுவதாலோ, ஒலியெழுப்புவதாலோ, நின்றுபோவதாலோ அது தன்னை உணர்த்தும்போது குறை பிறக்கின்றது. நூலோ படிப்போரிடத்து ஒரு விளைவை உண்டாக்குவதற்கென்றே அமைந்தது. அதனால் உலுக்குதல், அழவைத்தல், உறக்கத்தைக் கெடுத்தல் முதலிய துன்ப வினைகள் நூலுக்குப் புகழாகின்றன. மேலும், கதையில் நிகழும் கொலையும் துயரமும் கதையின் உள்ளடக்கமே அன்றி நூலைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இவ்விரண்டையும் பிரிக்காமற் சொற்களை மட்டும் எண்ணும் முறை, துயரக்கதை ஒன்றைப் போற்றும் மதிப்புரையைக் குறைகூறலாகக் கொள்ளும். திரைப்படத்தில் டர்னியின் முறை தடுமாறியதற்கும் இதுவே காரணமாகும்.

இப்போது (1)-ஆம் தொடருக்குத் திரும்புவோம். ஒரு பொருள் நீடிக்க வேண்டும் என்னும் விருப்பம் இரண்டிடத்தும் உண்டு. முடிவு என்பது புதினத்தின் இயல்பு. அம்முடிவை எண்ணி வருந்துவது புதினத்தின் சுவைக்குச் சான்று. நீடிப்பது மின்கலத்தின் கடமை. அது முடிந்ததை எண்ணி வருந்துவது கடமை தவறியதற்குச் சான்று. எனவே தொடர் உணர்த்துவது வருத்தம் மட்டுமே. மதிப்பு, பொருளின் கடமை பற்றிய பொது அறிவிலிருந்து பெறப்படுகின்றது எனலாம்.

தமிழில் நூலின் குற்றங்குணங்களை மதித்துரைக்கும் கலைச்சொற்கள் நெடுங்காலமாக உள்ளன என்பதும் இங்குக் கருதத்தக்கது. நன்னூலின் பாயிரப் பகுதி நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துரைக்கின்றது. கூறியது கூறல், சென்று தேய்ந்திறுதல் ஆகிய குற்றங்களை இன்றைய வாசகர் பெயரறியாமலே தம் மதிப்புரைகளில் சுட்டுகின்றனர். கருவிகளுக்கு இத்தகைய மரபு இல்லை. அதனால் கருவி மதிப்புரைகளில் 'பேட்டரி', 'டிஸ்ப்ளே', 'சார்ஜ்' முதலிய கடன்சொற்கள் பெயராக நிற்க, மதிப்பீட்டை 'நிற்கிறது', 'தாங்குகிறது', 'உழைக்கிறது' என்னும் தமிழ் வினைகளே சுமக்கின்றன. மாட்டுக்கும் மனிதருக்கும் உரிய உழைத்தலும் தாங்குதலும் கருவிக்கு வந்தமை, கருவியை நாம் எதனோடு ஒப்பவைத்து எண்ணுகிறோம் என்பதைக் காட்டும்.

4. இடைச்சொற்கள் உணர்த்தும் மதிப்பு

தமிழ் மதிப்புரைகளில் மதிப்பைத் தீர்மானிப்பன பெயரடைகளும் வினையடைகளும் மட்டும் அல்ல. சொல்லின் இறுதியில் ஒட்டிவரும் இடைச்சொற்கள் கூறப்பட்டதை மட்டுமன்றிக் கூறாமல் விட்டதையும் மதிப்பிடுகின்றன.

(5) அ. திரை நன்றாக இருக்கிறது.
ஆ. திரை நன்றாகத்தான் இருக்கிறது.
இ. திரை நன்றாகத்தானே இருக்கிறது?
ஈ. திரையாவது நன்றாக இருக்கிறது.
உ. திரையும் நன்றாக இருக்கிறது.
ஊ. திரை மட்டும் நன்றாக இருக்கிறது.

ஆறு தொடர்களிலும் திரை நன்று என்னும் செய்தி பொது. (ஆ)-வில் 'தான்' அச்செய்தியை ஒப்புக்கொண்டு, அடுத்து ஒரு குறை வரவிருப்பதை அறிவிக்கின்றது. 'ஆனால்' என்னும் சொல் எழுதப்படாவிடினும் படிப்போர் அதை எதிர்பார்ப்பர். (இ)-யில் ஏகாரமும் வினாத்தொனியும் சேர்ந்தவுடன் நிலை மாறுகின்றது. பிறர் கூறிய குறையை மறுத்துக் கருவிக்காக வாதாடும் தொடராக அது அமைகின்றது. (ஈ)-யில் 'ஆவது' திரையைத் தவிர ஏனைய யாவும் குறையுடையன என்பதை உணர்த்துகின்றது. (உ)-வில் உம்மை ஏனையவும் நன்று என்பதை உணர்த்துகின்றது. (ஊ) ஏறத்தாழ (ஈ)-யின் தீர்ப்பையே தருகின்றது. எனினும் (ஈ)-யில் உள்ள சிறு ஆறுதல் அதில் இல்லை.

இங்கு இன்றியமையாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். (ஈ), (ஊ) ஆகியவற்றில் எதிர்மதிப்புடைய சொல் ஒன்றுகூட இல்லை. சொற்பட்டியலைக் கொண்டு மதிப்பிடும் எம்முறையும் இவற்றைப் பாராட்டு என்றே கொள்ளும். மொழிபெயர்ப்பாளரும் இடைச்சொல்லை விட்டு 'திரை நன்று' என்னும் அளவில் பெயர்த்தால், கருவி முழுவதையும் குறைகூறிய ஒருவரைப் பாராட்டியவராக மாற்றிவிடுவார்.

பிறர்கூற்றைக் குறிக்கும் 'ஆம்' என்பதும் இத்தகையதே.

(6) ஒருமுறை மின்னேற்றினால் மூன்று நாள் தாங்குமாம்.

செய்தித்தாளில் இது வெறும் செய்தி. பொருளை வாங்கிப் பயன்படுத்தியவர் எழுதும்போது, தாம் நேரில் அறியக்கூடியதைப் பிறர்கூற்றாக ஒதுக்குவதால் ஐயமும் எள்ளலும் தோன்றுகின்றன. விற்பவரின் கூற்றுக்கும் தம் பட்டறிவுக்கும் இடையே உள்ள தொலைவை அவர் ஓரெழுத்தில் அளந்து காட்டிவிடுகின்றார்.

5. துணைவினைகள்

துணைவினைகளும் பேசுவோரின் மனநிலையைப் புலப்படுத்துவன.

(7) அ. பாட்டு நடுவில் நின்று தொலைக்கிறது.
ஆ. ஆயிரம் பக்கம் எழுதித் தள்ளியிருக்கிறார்.
இ. இரண்டே நாளில் படித்துவிட்டேன்.
ஈ. இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது.

'தொலை' என்பது எப்பொருளோடு வரினும் எரிச்சலையே உணர்த்துவதால் நிலையான எதிர்மதிப்புடையது. 'தள்ளு' மிகுதியை உணர்த்துகின்றது. உழைப்பை வியக்கும் இடத்தில் நேர்மதிப்பாகவும், அளவின்மையைப் பழிக்கும் இடத்தில் எதிர்மதிப்பாகவும் நிற்கும். 'விடு' முற்றுப்பேற்றை மட்டும் உணர்த்துகின்றது. மதிப்பு முதல்வினையாலும் பொருள்வகையாலும் பெறப்படும். ஆகவே துணைவினைகளைச் சார்பு நிலையானவை, சார்பு மாறுவன, சார்பற்றவை என மூவகைப்படுத்தலாம். அகராதி அமைப்போர்க்கு இப்பாகுபாடு பயன்படும்.

6. இடைநிலை மதிப்பீடு

'பரவாயில்லை', 'சுமார்', 'மோசமில்லை', 'குறைசொல்ல முடியாது' ஆகியவை பாராட்டுக்கும் பழிப்புக்கும் இடைப்பட்டவை. எனினும் இவை ஒரே புள்ளியில் நிற்பதில்லை. 'சுமார்' நடுவிலிருந்து கீழ்நோக்கிச் சாய்கின்றது. 'குறைசொல்ல முடியாது' எதிர்மறை வடிவில் இருந்தும் மேல்நோக்கிச் சாய்கின்றது. 'பரவாயில்லை' பேச்சில் ஒலியெடுத்தலால் இருபுறமும் சாயவல்லது. எழுத்தில் ஒலி மறைந்துவிடுவதால் அருகில் உள்ள சொல்லே வழிகாட்ட வேண்டும். 'இந்த விலைக்குப் பரவாயில்லை' என்பது மலிவான ஒலிவாங்கிக்குத் தக்க பரிந்துரை. 'கதை பரவாயில்லை' என்பது புதினத்திற்குக் குளிர்ந்த வரவேற்பு. 'காசுக்கேற்ற பணியாரம்' என்னும் பழமொழி, பொருளைப் பழிக்கும்போதே வாங்கியவரின் எதிர்பார்ப்பையும் தணித்துவிடுகின்றது.

2007-ஆம் ஆண்டுத் தொகுப்பில் மூன்று விண்மீன் மதிப்புரைகள் விலக்கப்பட்டமை முன்னர்க் கூறப்பட்டது. அம்முறையை அப்படியே தமிழுக்குக் கொள்வோமாயின், தமிழர் நயமாகக் குறைகூறுவதற்கும் அளவாகப் பாராட்டுவதற்கும் கையாளும் தொடர்கள் தொகுப்பிற்கு வெளியே நின்றுவிடும்.

7. மதிக்கப்படுவது எது?

ஒரு நூல் மதிப்புரையில் உள்ளடக்கம், நடை, மொழிபெயர்ப்பு, அச்சு, கட்டமைப்பு, விலை, வந்துசேர்ந்த காலம் என ஏழு பொருள்களேனும் மதிக்கப்படலாம்.

(8) அருமையான நூல். அட்டை கிழிந்து வந்தது. ஒரு விண்மீன்தான் தருவேன்.

இங்கு விண்மீன் நூலுக்குரியது அன்று, பொதியனுப்பியவருக்குரியது. ஆயின் அது கணக்கில் சேர்வது நூலின் பெயரிலேயே. நூற்றுக்கணக்கான மதிப்புரைகளைப் பெறும் கைபேசிக்கு இதனால் பெரிய தீங்கில்லை. இரண்டோ மூன்றோ மதிப்புரைகளைப் பெறும் ஒரு தமிழ்க் கவிதைத் தொகுதிக்கு இவ்வொரு விண்மீன் சராசரியையே வீழ்த்திவிடும். ஆகவே விண்மீனையும் சொல்லையும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கொள்ளுதல் பிழையாகும்.

8. மொழிபெயர்ப்பாளரும் தொகுப்பாளரும் கருதத்தக்கன

இந்திய மொழிகளுக்கான சோதனைத் தொகுப்புகள் சில, ஆங்கில மதிப்புரைகளை மொழிபெயர்த்து, மூலத்திற்குரிய மதிப்பையே மொழிபெயர்ப்புக்கும் உரியதாகக் கொண்டு அமைக்கப்படுகின்றன. இம்முறையில் இரு இடர்கள் உள்ளன.

முதலாவது, மொழிபெயர்ப்பில் மதிப்புப் பிறழ்தல். விடாமற் படிக்கத் தூண்டும் நூலை ஆங்கிலத்தார் 'பேஜ் டர்னர்' என்பர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'பக்கங்களைப் புரட்டவைத்த நூல்' என்றால், ஊன்றிப் படியாமல் மேலோட்டமாகப் பார்த்ததைக் குறிக்கும் 'புரட்டிப் பார்த்தேன்' என்னும் தமிழ் வழக்கே நினைவுக்கு வரும். பாராட்டு பழிப்பாகிவிடுகின்றது. 'எடுத்தால் கீழே வைக்க மனம் வரவில்லை' என்பதே தக்க பெயர்ப்பாகும்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய மதிப்பீட்டு முறைகள் இடம்பெறாது போதல். ஆங்கில மூலத்தில் 'ஆவது', 'ஆம்', 'தொலை' ஆகியவற்றுக்கு நிகரான ஒட்டுகள் இல்லாமையால், மொழிபெயர்ப்பாளர் தாமாக முயன்றாலன்றி அவை தொகுப்பில் வாரா. இத்தகைய தொகுப்பில் தேர்ச்சி பெற்ற கணிப்பொறி, தமிழர் எழுதும் தமிழில் தேர்ச்சி பெற்றதாகாது.

தமிழிலேயே எழுந்த தொகுப்புகளும் உள்ளன. தமிழும் ஆங்கிலமும் விரவிய 15,744 கருத்துரைகளைக் கொண்டு 2020-இல் வெளியான தொகுப்பு குறிப்பிடத்தக்கது. அது யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களுக்கு மக்கள் எழுதிய கருத்துரைகளால் ஆனது. அங்கு 'வெறித்தனம்' என்பது உச்சப் பாராட்டு. மின்னம்மி ஒன்றைப் பற்றி அச்சொல் வருமாயின் என்ன பொருள் என்பதை வாங்கியவர்தாம் கூறவேண்டும். திரையிலிருந்து கருவிக்குச் செல்லும்போது 2007-ஆம் ஆண்டு ஆய்வு கண்ட அதே இடர் தமிழிலும் எதிர்ப்படும்.

இவற்றை மனங்கொண்டு பின்வரும் நெறிகளைப் பரிந்துரைக்கலாம்:

அ. மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் பொருள்வகையை அறிதல் வேண்டும். பொருள்வகை குறிக்கப்படாத தனித்தொடரை மொழிபெயர்க்கத் தருதல் தவிர்க்கப்பட வேண்டும்.

ஆ. மதிக்கப்படுவது எது என்பதைத் தொடர்தோறும் தனியே குறித்தல் வேண்டும்.

இ. இடைச்சொல் உணர்த்தும் குறிப்புப்பொருளை இலக்குமொழியில் தனித்தொடராகவேனும் வெளிப்படுத்த வேண்டும். 'திரையாவது நன்றாக இருக்கிறது' என்பதற்கு 'நன்றாக இருப்பது திரை ஒன்றே' என்னும் பொருள்படப் பெயர்ப்பது குறைந்த அளவு நேர்மையாகும்.

ஈ. மொழிபெயர்ப்புக்குரிய மதிப்பை, மூலத்தின் விண்மீனைக் காணாத தமிழர் இருவரேனும் தனித்தனியே இடுதல் வேண்டும். அவர்தம் தீர்ப்பு மூலத்தோடு மாறுபடுமிடம் மொழிபெயர்ப்பை மீண்டும் நோக்கவேண்டிய இடமாகும்.

உ. இடைநிலை மதிப்பீடுகளை விலக்காது தனிவகையாகக் கொள்ளுதல் வேண்டும்.

9. முடிவுரை

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையவழி நுகர்வோர் மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை வெளியிட்டது. மதிப்புரைகளைத் திரட்டல், சரிபார்த்தல், வெளியிடல் ஆகிய மூன்றும் அதன் எல்லைக்குட்பட்டவை. சரிபார்த்தல் என்பது முதற்கண் படித்தறிதலே. தமிழில் எழுதப்பட்ட ஒரு குறையைப் பாராட்டு எனக் கணிப்பொறி படிக்குமாயின், பொருளை வாங்கி ஏமாந்தவரின் எச்சரிக்கை அடுத்து வாங்குபவரைச் சென்றடையாது. நயமான ஒரு பாராட்டைக் குறை எனப் படிக்குமாயின், நல்ல நூல் ஒன்று தன் வாசகரை இழக்கும். எழுதியவர் செய்த பிழை எதுவும் இல்லாமலே இவை நிகழும்.

மதிப்பீடு சொல்லில் மட்டும் தங்குவதன்று. பொருளின் கடமை, ஒட்டிவரும் இடைச்சொல், துணைவினை, கூறாது விட்டவை ஆகியவற்றின் சேர்க்கையால் பிறப்பது என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். தமிழின் இடைச்சொற்களும் துணைவினைகளும் இலக்கண நூல்களிலும் மொழியியல் ஆய்வுகளிலும் நன்கு விளக்கப்பட்டுள்ளன. அவ்விளக்கங்களைப் பொருள்வகையோடு பொருத்தி ஒரு மதிப்பீட்டு அகராதியாக ஆக்குவது அடுத்துச் செய்யவேண்டிய பணியாகும். 'ஆவது' என்னும் ஓர் இடைச்சொல்லுக்கு நூல், கருவி, சேவை ஆகிய மூவகையிலும் எடுத்துக்காட்டுகளைத் திரட்டி அப்பணியைத் தொடங்கலாம்.